பொசஷன் யாருகிட்ட? ஆட்சி, அனுபோகம், சுவாதீனம்... சாமி வருவது வரை

சொல்தேடி

ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையின் தமிழாக்கத்தில் இந்தச் சிக்கல். ‘பொசஷன்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு மூலம் நாலு ஊர் சுற்றுகிறது. முதலில் நிலம், வீடு. அடுத்து குற்றவியல், அதாவது கஞ்சா, துப்பாக்கி. மூன்றாவது சாமியாட்டமும் பேயும். கடைசியில் இலக்கணத்தில் ‘என்னுடைய’ என்பது. எல்லா இடத்திலும் ‘உடைமை’ என்று போட்டுப் பார்த்தால் “அவள் ஆவியின் உடைமையில் இருந்தாள்” என்று வந்து நிற்கிறது. பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி இருக்கிறது. சாமிக்கு ‘ஆட்கொள்ளல்’, நிலத்துக்கு ‘உடைமை’, குற்றத்துக்கு ‘கைப்பற்று’. இப்படிப் பிரிக்கலாமா?

வக்காலத்து

நிலத்துக்கே ஒரு சொல் போதாது. தமிழ்நாட்டுப் பத்திரங்களில் இரண்டு சொற்கள் வேறு வேறு வேலை செய்கின்றன.

சுவாதீனம்: பொருள் இந்த நிமிடம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது. “சொத்தை இன்றைய தேதியில் தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டேன்” என்று கிரயப் பத்திரம் சொல்லும். சாவியைக் கொடுத்தால் சுவாதீனம் மாறிவிட்டது.

அனுபோகம்: காலத்தில் நீள்வது. உழுவது, வாடகை வாங்குவது, வரி கட்டுவது, வேலி போடுவது. “ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்ற வரி இதைத்தான் சொல்கிறது. ஒரே நாளில் அனுபோகம் வராது.

பாத்தியம் மூன்றாவது. அது உரிமை, கையில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றியதல்ல. மூன்றும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பாத்தியம் சென்னையில் இருக்கும் அண்ணனுக்கு, அனுபோகம் ஊரில் இருக்கும் தம்பிக்கு, சுவாதீனம் பின்கட்டில் குடியிருப்பவருக்கு என்பதெல்லாம் சர்வ சாதாரணம்.

இது பணமாக இடிக்கிற இடம் ஒன்று. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் தெரியும். யார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாது. ஆனால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒரு சொத்தில் நேரடியாக இருப்பவருக்கு என்ன உரிமை உண்டோ அது வாங்குகிறவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளும். “பத்திரம் சுத்தமா இருந்துச்சு, உள்ளே இருக்கிறவரைக் கேக்கல” என்றால் எடுபடாது. முன்பணம் கொடுக்கும் முன் கதவைத் தட்டி “எந்த முறையில இருக்கீங்க?” என்று கேட்டுவிட வேண்டும்.

திருமுறை வாசகன்

சொல்தேடி, ‘ஆட்கொள்ளல்’ என்பதைச் சாமியாட்டத்துக்குப் போடாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பேர்போன இடமே ஒரு வழக்கு. பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம். சுந்தரருக்குப் புத்தூரில் கல்யாணம். கிழவேதியராக வந்த சிவன், “இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது” என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோர் கேட்பதைச் சேக்கிழார் இப்படி எழுதுகிறார்:

“ஆட்சியில் ஆவணத்தில் அன்றிமற்று அயலார் தங்கள்
காட்சியில் மூன்றில் ஒன்று காட்டுவாய்”

ஆட்சி, ஆவணம், காட்சி. அனுபவத்தில் இருந்து வந்தது, எழுத்து, சாட்சி. மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறார்கள். கிழவர், “அவன் கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது” என்று எடுத்து வைக்கிறார். பாட்டனின் வேறொரு கையெழுத்தை ஆவணக் காப்பிலிருந்து வரவழைத்து ஒப்பிடுகிறார்கள். இரண்டும் ஒத்துப்போகிறது. தீர்ப்பு கிழவர் பக்கம்.

‘ஆட்கொள்ளல்’ என்றால் இதுதான்: ஆளாகக் கொள்ளுதல், அடிமை உரிமை. சுந்தரர் நினைவு தப்பவில்லை, ஆடவில்லை. ‘பித்தா’ என்று அவர்தான் பாடினார், அவர் குரலில்.

வக்காலத்து

அந்த மூன்றும் இன்றைக்கும் முன்சீப் கோர்ட்டில் ஓடுகிற மூன்றுதான். மூலம் இருக்கும்போது நகலை ஏற்பதில்லை என்ற விதியும், கையெழுத்து ஒப்பீடும்கூட அப்படியே.

ஆனால் கிழவர் இன்றைக்கு வந்திருந்தால் ஆட்சியில் தோற்றிருப்பார். பாட்டன் எழுதிக் கொடுத்த பிறகு இரண்டு தலைமுறையாக அவர் எந்த வேலையும் வாங்கவில்லை. காலவரம்புச் சட்டத்தில் முதல் விசாரணையிலேயே அடிபடும். பாட்டன் கையெழுத்து பேரனைக் கட்டுப்படுத்துமா என்பது தனிக் கேள்வி. ஆளை அடிமையாக வைத்திருப்பதை அரசியல் சட்டம் அனுமதிக்காது என்பது கடைசிக் கேள்வி :)

புதுசு

ஒரு சின்ன சந்தேகம் சார். 12 வருஷம் ஒரு இடத்துல இருந்தா அது நம்ம சொந்தமாயிடும்னு சொல்றாங்களே? வாடகை வீட்டுக்கும் அது பொருந்துமா?

வக்காலத்து

பொருந்தாது. இதை இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் வீணாகிறார்கள்.

‘எதிரிடை அனுபோகம்’ என்பது பெயர். கோர்ட் வராண்டாவில் அட்வர்ஸ் பொசஷன். 1963 காலவரம்புச் சட்டத்தின் 65ஆவது இனம்: தனியாருக்கு எதிராக 12 வருஷம். அரசுக்கு எதிராக 112ஆவது இனப்படி 30 வருஷம். காலம் முடிந்தால் 27ஆம் பிரிவு பழைய சொந்தக்காரரின் உரிமையையே அணைத்துவிடுகிறது. வழக்குப் போடும் உரிமை மட்டும் போவதில்லை, சொத்தே போகிறது.

எண்ண ஆரம்பிக்கும் நாள்தான் எல்லாமே. நீங்கள் குடிவந்த நாள் அல்ல, உங்கள் இருப்பு சொந்தக்காரருக்கு எதிராகத் திரும்பிய நாள். அனுமதியோடு உள்ளே வந்தவருக்கு அந்த நாள் தானாக வருவதே இல்லை: வாடகைதாரர், குத்தகைதாரர், ஒத்திக்காரர் (கடனுக்கு ஈடாக இடத்தை வாங்கி அனுபவிப்பவர்), காவலாளி, “சும்மா இருந்துட்டுப் போ” என்று விட்ட மச்சான். 40 வருஷம் இருந்தாலும் கணக்கு பூஜ்யம். அவர் வெளிப்படையாக “இது என் இடம், உனக்கு உரிமை இல்லை” என்று மறுத்து, அது சொந்தக்காரர் காதுக்கும் போன நாளிலிருந்துதான் 12. ஒத்தியில் இன்னும் கெட்டி. அனுபவ ஒத்தி வைத்தவர் கடனைத் திருப்பும் வரை, எத்தனை வருஷம் ஆனாலும் அது ஒத்திதான் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பங்காளிகளுக்குள்ளும் அப்படியே. ஒரு பங்காளியின் அனுபோகம் எல்லாப் பங்காளிகளுக்காகவும்தான். ஒருவர் மட்டும் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது போதாது. மற்றவர்களை வெளியே தள்ளியது நிரூபணமாக வேண்டும்.

எங்கே தவறுகிறது என்றால், வழக்குரை எழுதும்போதே. “கிரயத்தின் மூலம் எனக்குச் சொந்தம், இல்லாவிட்டால் எதிரிடை அனுபோகத்தின் மூலம் சொந்தம்” என்று இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். சொந்தம் என்று நம்பி இருந்தவன் யாருக்கு எதிராக இருந்தான்? எதிரிடை அனுபோகம் கேட்பவர் முதலில் எதிராளியைச் சொந்தக்காரர் என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். பிறகு எந்தத் தேதி, எந்த வகையில், அது எதிராளிக்கு எப்படித் தெரியும், எவ்வளவு காலம் தொடர்ந்தது, மறைவில்லாமல் இருந்ததா என்று ஒவ்வொன்றும் சொல்ல வேண்டும். “ரொம்ப வருஷமாக” என்று எழுதினால் அங்கேயே முடிந்தது.

ஆதாரம் அடுக்குவது: அடங்கல் என்ற ஊர்க் கணக்கில் சாகுபடி செய்தவர் பெயர், வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு வந்த தேதி, ரேஷன் கார்டு முகவரி. புறம்போக்கில் இருப்பவர்கள் 1905 ஆக்கிரமிப்புச் சட்டத்தில் வந்த பி-மெமோ என்ற நோட்டீசையும் அபராத ரசீதையும் பத்திரமாக வைத்திருப்பார்கள். விரட்டுவதற்குக் கொடுத்த காகிதமே இருந்ததற்குச் சாட்சி. பட்டா உரிமைப் பத்திரம் அல்ல, வருவாய்த்துறை யாரிடம் வரி வாங்குவது என்ற குறிப்பு மட்டும்.

2019 வரை இதைத் தடுக்கும் கேடயமாக மட்டுமே பயன்படுத்தலாமா, வாதியாகவே வந்து கேட்கலாமா என்று தகராறு. வாதியாகவும் கேட்கலாம் என்று அந்த வருஷம் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் முடித்துவைத்தார்கள்.

புதுசு

அப்போ வலுக்கட்டாயமா வெளிய தள்ளிட்டா?

வக்காலத்து

அதற்குத் தனி வழி. குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 6ஆம் பிரிவு. சட்ட நடைமுறை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால் சுவாதீனம் திரும்பக் கிடைக்கும். யாருக்குப் பாத்தியம் என்ற பேச்சே இல்லை. நிஜச் சொந்தக்காரரே பூட்டை உடைத்துத் தள்ளியிருந்தாலும் சரி. இதில் மேல்முறையீடு கிடையாது, அரசுக்கு எதிராகப் போட முடியாது. 6 மாதம் தாண்டினால் இந்தக் கதவு மூடிவிடும், பாத்தியத்தை நிரூபித்துத்தான் வர வேண்டும்.

உள்ளே இருப்பவர் நிரந்தர உறுத்துக் கட்டளை (தலையிடாதே என்ற தடை உத்தரவு) மட்டும் கேட்டால் போதுமா என்பது அடுத்த பொறி. எதிராளி பாத்தியத்தையே கிளறினால் விளம்புகைப் பரிகாரமும் (பாத்தியம் இவருக்கே என்று கோர்ட் அறிவிப்பது) சேர்த்துக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருஷம் நடந்த வழக்கு அந்த ஒரு குறையில் விழும்.

காணிப்பேச்சு

சேக்கிழாரின்ர ‘ஆட்சி’ எங்கட பக்கத்தில இன்னும் உயிரோட இருக்கு. இலங்கையில நீங்கள் சொல்லுற அனுபோகத்துக்கு நாங்கள் ‘ஆட்சி’ எண்டுதான் சொல்லுறது. “அந்தக் காணியை அவையள்தான் முப்பது வருசமா ஆட்சி செய்யினம்.” உங்கட பத்திரம் எங்களுக்கு உறுதி. ‘ஆட்சி உறுதி’ எண்டு ஒண்டு இருக்கு: நீண்டகாலம் ஆண்டு வந்தனான் எண்டு ஒருவர் நொத்தாரிசுக்கு (உறுதி எழுதுறவர்) முன்னால சத்தியம் பண்ணி எழுதுறது.

அதில தான் சனம் ஏமாறுறது. அது தானே தனக்கு எழுதின வெளிப்படுத்தல். அதை வாங்கினவர் வழக்கில நிண்டால் ஆட்சியைச் சாட்சியோட நிரூபிக்க வேணும். உறுதி மட்டும் காணாது. 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி எங்களுக்குப் பத்து வருசம், பன்னிரண்டு இல்லை. அரச காணிக்கு அது ஓடாது. பங்குக் காணியில ஒருத்தரின்ர ஆட்சி எல்லாருக்கும் எண்ட விதி இங்கயும் அதேதான், 1911இல பிரிவி கவுன்சில் (அப்ப லண்டனில இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) தீர்த்தது.

யுத்தத்தில இடம்பெயர்ந்து போனவையின்ர காணியில வேற ஆக்கள் இருந்து பத்து வருசம் கடந்திட்டுது. அதுக்காக 2016இல 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தில, ஆயுதக் குழுக்களின்ர நடவடிக்கையால தங்கட உரிமையைக் கேட்க முடியாமல் போனவைக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணேலாது. ஓடின கடிகாரத்தை நிப்பாட்டின சட்டம்.

மொழிபெயர்ப்பில ‘ஆட்சி’ எண்டு போட்டால் தமிழ்நாட்டு ஆக்கள் அரசாங்கம் எண்டு நினைப்பினம், அது தெரியும்.

திருமுறை வாசகன்

நிலத்தையும் சாமியையும் ஒரே வாக்கியத்தில் கொண்டுவர வேண்டுமானால் கோயில் நிலத்தை விட்டால் வேறு இல்லை. அங்கே பாத்தியம் மூர்த்திக்கு. மூர்த்தி ஒரு சட்ட நபர் என்பது 1925 பிரிவி கவுன்சில் தீர்ப்பிலிருந்து உறுதியான சங்கதி. என்றைக்கும் மைனர், அதனால் அறங்காவலரோ செயல் அலுவலரோ சார்பில் நிற்பார்.

வக்காலத்து

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அறநிலையத்துறைச் சட்டம் 109ஆம் பிரிவுப்படி கோயில் சொத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரம்புச் சட்டமே பொருந்தாது. நூறு வருஷம் குடியிருந்தாலும் எதிரிடை அனுபோகம் சொல்ல முடியாது. ஊர்ப் பெரியவர்கள் “சிவன் சொத்து குல நாசம்” என்றதைச் சட்டம் வேறு வார்த்தையில் சொல்கிறது.

பத்தூர் நடராஜர் வழக்கை விட்டுவிட்டீர்களே. 1976இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், இடிந்து கிடந்த விசுவநாதசுவாமி கோயிலருகே மண் தோண்டும்போது கிடைத்த படிமம். கை மாறிக் கை மாறி லண்டன் போய், 1982இல் ஒரு கனடா நிறுவனம் நல்லெண்ணத்தோடு வாங்கியது. போலீஸ் எடுத்துவைத்துக்கொண்டது. சுவாதீனம் போலீசிடம், பணம் கொடுத்தது கம்பெனி, பாத்தியம் யாருக்கு? லண்டன் வழக்கில் உரிமை கோரிய தரப்புகளில் அந்த இடிந்த கோயிலின் சிவலிங்கமும் ஒன்று. கூடக் கிடைத்த மற்ற படிமங்களோடு, ஒட்டியிருந்த மண் வரை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கோயிலே ஒரு சட்ட நபராக நின்று கேட்கலாம் என்றது. நடராஜர் திரும்பி வந்தார். வெண்ணெய்நல்லூரில் ஓலையோடு ஓலை, லண்டனில் மண்ணோடு மண்.

சொல்தேடி

அருமை. குற்றவியலுக்கு ‘கைப்பற்று’ சரியா என்று யாரும் சொல்லவில்லையே?

வக்காலத்து

தவறு. கைப்பற்றியது போலீஸ். குற்றம் சாட்டப்பட்டவர் ‘வைத்திருந்தார்’. ‘கைவசம்’ என்று எழுதுங்கள்.

அதிலும் இரண்டு பாதி உண்டு. பொருள் அவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், இருப்பது அவருக்குத் தெரிந்தும் இருக்க வேண்டும். ‘அறிந்த கைவசம்’ என்பேன். உங்கள் பையில் யாரோ திணித்தது உங்கள் கைவசம் ஆகாது. மறுபக்கம், பொருள் உடம்பில் இருக்க வேண்டியதும் இல்லை. ஊரில் பூட்டிய பெட்டி, சாவி உங்களிடம் என்றால் அது உங்கள் கைவசமே. போதைப்பொருள் சட்டத்தில் 35, 54ஆம் பிரிவுகள் சுமையைத் திருப்பிப் போடுகின்றன. முதலில் கட்டுப்பாட்டைப் போலீஸ் நிரூபித்துவிட்டால், தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

எடை அடுத்த சண்டை. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, ஜாமீன் குதிரைக்கொம்பு. சட்டம் கஞ்சா என்பது பூவும் காயும் கொண்ட நுனியை. அந்த நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. செடியை வேரோடு பிடுங்கித் தண்டு, இலை எல்லாம் சேர்த்து 21 கிலோ என்று எழுதினால் வழக்கு ஆட்டம் காணும். மாதிரி எடுப்பதும் 52ஏ பிரிவுப்படி மாஜிஸ்திரேட் முன்னால் நடக்க வேண்டும். ஸ்டேஷனிலேயே எடுத்து அனுப்பியதால் விழுந்த வழக்குகள் நிறைய.

உடுக்கை

சாமி விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் யாரும் ‘ஆட்கொண்டது’ என்று சொல்வதில்லை. சாமி ‘வரும்’, ‘இறங்கும்’, ‘அருள் வரும்’. பேய் ‘பிடிக்கும்’, ‘அண்டும்’, ‘அடிக்கும்’. முடிந்த பிறகு சாமி ‘மலையேறும்’, பேயை ‘ஓட்டுவோம்’. சாமியை யாரும் ஓட்ட மாட்டார்கள். வேற்றுமை உருபையும் கவனியுங்கள்: “அவளுக்கு சாமி வருது”, “அவளைப் பேய் பிடிச்சிருக்கு”. சாமிக்கு நான்காம் வேற்றுமை, பேய்க்கு இரண்டாம் வேற்றுமை. சாமி வந்தால் அவள் ஏற்பவள், பேய் பிடித்தால் அவள் பிடிபட்ட பொருள்.

நன்னூலார்

அழகான கோட்பாடு, ஆனால் நிற்காது. “அவளுக்குப் பேய் பிடிச்சிருக்கு” என்றும் தாராளமாகச் சொல்கிறார்கள். பைத்தியம் பிடிச்சிருக்கு, சளி பிடிச்சிருக்கு போல. வேற்றுமை இல்லை, வினைதான் அடையாளம்: வருதலும் பிடித்தலும்.

உடுக்கை

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் “அவளைச் சாமி பிடிச்சிருக்கு” என்று யாரும் சொல்வதில்லை, அது போதும் எனக்கு.

மொழிபெயர்ப்பவர் கவனிக்க வேண்டியது ‘நான்’. அருள் வந்தவர் வாயில் “நான் கருப்பன் வந்திருக்கேன்டா” என்று வரும். அதே வாய் தன் உடம்பை ‘இந்தப் பிள்ளை’, ‘இவன்’ என்று படர்க்கையில் சொல்லும். சுற்றி நிற்பவர்கள், வயதில் மூத்த மாமனார்கூட, மருமகளை அப்போது ‘சாமி’, ‘தாயே’ என்றுதான் கூப்பிட வேண்டும். திருநீறு போட்டு மலையேறிய அடுத்த நொடி, “ஏம்மா, தண்ணி குடி” என்று பழைய முறைக்குத் திரும்பிவிடுவார்கள். உடம்பு ஒன்றுதான், விளி மாறுகிறது.

வந்தது யார் என்று ஊர் சும்மா நம்பிவிடாது. வரிசை இப்படி: உடுக்கையோ பம்பையோ அடித்து, சாம்பிராணி போட்டு, வர்ணிப்புப் பாடி அழைப்பது. உடம்பு குலுங்கினதும் “யாரு வந்திருக்கிறது, பேரைச் சொல்லு” என்று கேட்பது. பேர் சொன்னால் சத்தியம் கேட்பது; உள்ளங்கையில் சூடம் ஏற்றிச் செய்வது ஒரு வழக்கம். பேர் சொல்ல மறுத்தால், அல்லது குலசாமி பேர் சொல்லாமல் செத்துப்போன ஒருத்தர் பேரைச் சொன்னால், அது சாமி இல்லை. உடனே கேள்விகள் மாறிவிடும்: “எங்க பிடிச்ச? என்ன வேணும்? எப்பப் போவ?” பேய்க்குப் பேரம் பேசி, உச்சிமுடியில் ஒரு கொத்தை எடுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்து வைப்பது வட மாவட்டங்களில் உண்டு.

காப்புக் கட்டி விரதம் இருக்கும் பரம்பரைச் சாமியாடிக்கு மட்டும் இது ஒரு பதவி. திடீரென்று கூட்டத்தில் ஆடுகிற பெண்ணுக்குத் திருநீறு போட்டு உட்காரவைத்துவிடுவார்கள். வருவது சாமியின் விருப்பம், யார் மேல் வரலாம் என்பது ஊரின் கணக்கு.

வக்காலத்து

அந்தக் கணக்கு கோர்ட்டுக்கும் வரும். அறநிலையத்துறைக்கு உட்பட்ட கோயிலில் முதல் மரியாதை, பரிவட்டம் போன்ற வழக்காற்று உரிமை யாருக்கு என்ற தகராறு 63ஆம் பிரிவின் (இ) உட்பிரிவில் இணை ஆணையரிடம் போக வேண்டும். சாமி வந்ததா என்பதை அவர் விசாரிக்க மாட்டார். வழக்கமாக யாருக்கு மரியாதை என்பதை மட்டும்தான்.

“சாமி வந்து அடிச்சேன்” என்று சொன்னாலும் தப்ப முடியாது. பாரதிய நியாய சன்ஹிதா 22ஆம் பிரிவுக்கு (பழைய 84) மனநலம் குன்றியதால் செயலின் தன்மையோ அது தவறு என்பதோ தெரியாத நிலை வேண்டும். அருள் வந்தது என்பது மட்டும் போதாது.

மனநல வார்டு

உடுக்கை சொன்ன வரிசைக்கு மருத்துவத்திலும் ஒரு சமம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாட்டில் 6பி63 என்ற எண் சாமியாட்டம் மாதிரியான நிலைக்கு. ஆனால் அந்த வரையறையிலேயே விலக்கு இருக்கிறது: சமூகம் ஏற்ற சடங்கின் பகுதியாக வந்தால் அது நோய் அல்ல. திருவிழாவில் காப்புக் கட்டி ஆடுபவரை வார்டுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. நாங்கள் கேட்பது இவைதான்: அழைக்காமல் வருகிறதா, அடக்க முடியாமல் திரும்பத் திரும்ப வருகிறதா, அதனால் வேலையும் தூக்கமும் குடும்பமும் கெடுகிறதா. கூடவே காய்ச்சல், நாக்கைக் கடித்தல், சிறுநீர் போய்விடுதல் இருந்தால் வலிப்பா, மூளைக் காய்ச்சலா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வேப்பிலை அடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மணிக்கணக்கில் இழப்பு.

தவறான அடையாளம் புதிதல்ல. சங்கப் பாட்டில் தலைவி காதலால் மெலிகிறாள், வீட்டார் முருகு அணங்கியது என்று முருகன் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறார்கள். நற்றிணை 34இல் தோழி முருகனையே பார்த்து “கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற” என்கிறாள். நீ கடவுளாகவே இரு, ஆனாலும் விவரம் கெட்டவன், வேலன் கூப்பிட்டான் என்று வந்து நிற்கிறாயே என்று.

கட்டிவைப்பது குற்றம், இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்த 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தர்காவுக்கோ கோயிலுக்கோ போகாதீர்கள் என்று சொல்வதில்லை, மாத்திரையை நிறுத்தாமல் போங்கள் என்கிறோம். உடனே பேச ஆள் வேண்டுமானால் டெலி மானஸ், 14416.

நன்னூலார்

கடைசிப் பகுதிக்கு, இலக்கணத்துக்கு. இங்கே தமிழ் தயாராகவே இருக்கிறது, புதுச் சொல் தேடாதீர்கள். ஆறாம் வேற்றுமைக்குப் பொருளே ‘கிழமை’. நன்னூல் அதை இரண்டாகப் பிரிக்கிறது.

தற்கிழமை: பிரிக்க முடியாதது. பண்பு, உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம் என ஐந்து. சாத்தனது கை, நெல்லினது குப்பை, மஞ்சளது பொடி.

பிறிதின்கிழமை: பிரிந்து நிற்பது. பொருள், இடம், காலம். முருகனது வேல், முருகனது மலை, மாரனது வேனில்.

பேச்சிலும் இந்தப் பிரிவு ஓடுகிறது. ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ மாதிரி எல்லா உடைமைக்கும் பொதுவான ஒரு வினை தமிழில் இல்லை, பெரும்பாலும் இருத்தலும் உருபும்தான். “என்கிட்ட பணம் இருக்கு” என்றால் இப்போது பையில். “எனக்கு ரெண்டு பிள்ளை” என்றால் பையில் இல்லை, எங்கே இருந்தாலும் எனக்குத்தான். “என்கிட்ட ரெண்டு பிள்ளை இருக்கு” என்று சொன்னால் டியூஷன் வாத்தியார் பேசுகிற மாதிரி ஆகிவிடும். வக்காலத்து சொன்ன சுவாதீனம் ‘கிட்ட’, பாத்தியம் ‘கு’. நிலத்தகராறு முழுக்க ‘கிட்ட’ இருப்பதை ‘கு’ ஆக்கும் முயற்சி. தலைப்பிலேயே பாருங்கள், “பொசஷன் யாருகிட்ட?” என்றுதான் போட்டிருக்கிறீர்கள், யாருக்கு என்றல்ல.

உடுக்கை

அப்போ சாமிக்கு ஆடுகிறவர் உடம்பு தற்கிழமையா, பிறிதின்கிழமையா?

நன்னூலார்

பிறிதின்கிழமை. இடம் என்ற வகை. முருகனது மலை மாதிரி. மலையேறிவிட்டால் காலி.

திருமுறை வாசகன்

சுந்தரர் தற்கிழமை என்பேன். ஓலை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வக்காலத்து

ஓலை இல்லாவிட்டால் வழக்கே இல்லை ஐயா.

சொல்தேடி

கடைசியாக இப்படிப் போடலாம் என்று இருக்கிறேன். நிலம், வீட்டில் கட்டுப்பாடு என்ற பொருளுக்கு சுவாதீனம், நீண்டகாலத்துக்கு அனுபோகம், முதல் முறை வரும்போது ‘இலங்கை வழக்கில் ஆட்சி’ என்று ஒரு குறிப்பு. குற்றவியலில் கைவசம். சாமி, பேய்ப் பகுதிக்குத் தலைப்பு ‘சாமி வருதலும் பேய் பிடித்தலும்’, உள்ளே வினைச்சொல்லாகவே. ஆட்கொள்ளல் வேண்டாம். இலக்கணத்தில் கிழமை. கட்டுரைத் தலைப்புக்கு மட்டும் இன்னும் சொல் கிடைக்கவில்லை.

வக்காலத்து

தலைப்பை ‘பொசஷன்’ என்றே விடுங்கள். கோர்ட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு திருத்தம்: தீர்ப்புக்குப் பிறகு அமீனா (கோர்ட் ஊழியர்) வந்து சொத்தை எடுத்துக் கொடுப்பதை ‘சுவாதீன ஒப்படைப்பு’ என்று எழுதுங்கள், ‘கைமாற்றம்’ வேண்டாம். உள்ளே அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்படாத வாடகைதாரர் இருந்தால் அவரைக் கிளப்ப முடியாது. அப்போது உரிமையியல் நடைமுறைச் சட்டம் 21ஆம் கட்டளை 36ஆம் விதிப்படி வாரண்டு நகலைக் கதவில் ஒட்டி, தமுக்கடித்து அறிவித்துவிட்டுப் போவார்கள்.

உடுக்கை

அங்கேயும் மேளம்தானா.